கறையைக் கழுவாதீர்கள்: விபத்து விமானத் தபால் சேகரிப்பில் நேரும் தவறுகள்

பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் பஞ்சாலைகள் பெருகிய காலம். அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரு மில்லுக்கு வந்த கடித உறையை என் சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் வைத்திருந்தார். 31.12.1935 அன்று 'சிட்டி ஆஃப் கார்ட்டூம்' விமானம் அலெக்சாண்ட்ரியா அருகே கடலில் விழுந்தபின் மீட்கப்பட்ட உறை அது. தபால்தலை உதிர்ந்திருந்தது, உப்புக்கறை படிந்திருந்தது. அவர் அதை நீரில் அலசி, இஸ்திரி போட்டு, அதே காலத்துத் தபால்தலை ஒன்றையும் ஒட்டிவிட்டார். பார்த்ததும் நெஞ்சு பதறியது. கடல்நீரில் பசை கரைந்தால் தபால்தலை உதிரத்தான் செய்யும். அந்த வெற்றிடமும் கறையும்தான் உறைக்குச் சாட்சி. பிறகு ஒட்டிய தலையோ முழு உறையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

கருகிய ஓரத்தை மட்டும் நம்பி வாங்குவது அடுத்த தவறு. தீக்குச்சி ஒன்று போதும், எந்த உறையையும் கருக்கிவிடலாம். 1937 மே 6 அன்று எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில் ஏறத்தாழ 17,000 தபால்கள் இருந்தன. மிஞ்சியவை சில நூறுதான். அந்தப் பெயர் சொல்லி மலிவாக வருவதைத் தொடாதீர்கள்.

நம் நாட்டு உறைகளில் அதிகம் குழப்பம் வருவது ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள மோன் பிளாங் மலை விபத்துகளில்தான். ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு அங்கே மோதின: 1950 நவம்பர் 3-ல் 'மலபார் பிரின்சஸ்', 1966 ஜனவரி 24-ல் அணு விஞ்ஞானி ஹோமி பாபா பயணித்த 'காஞ்சன்ஜங்கா'. பனியாறு இரண்டின் பொருள்களையும் இன்றுவரை கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. முதலில் தபால்தலையின் மதிப்பைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1950 விபத்து என்று கருதலாம். நயா பைசா 1957-ல்தான் வந்தது. அடுத்து திசை. இரண்டுமே இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. லண்டனிலிருந்து ஈரோட்டுக்கு வந்த கடிதம் அவற்றில் இருந்திருக்க முடியாது. பிறகு தேதி. கோயமுத்தூர் முத்திரை நவம்பர் 3 என்றிருந்தால், விமானம் ஆல்ப்ஸை அடைந்த அன்று அக்கடிதம் இங்கே தபால் நிலையத்தில் இருந்திருக்கிறது.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செலோடேப்பும் பி.வி.சி. உறையும் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். கரி படிந்திருந்தால் விரலால் தேய்க்காதீர்கள்.

பிரிக்கப்படாத கடிதம் கிடைத்தால் ஆவலில் கிழித்துவிட வேண்டாம். எழுதியவரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்கேனும் இருக்கலாம். முதலில் அவர்களைத் தேடிப்பாருங்கள். 2012-ல் பனியாற்றில் அகப்பட்ட இந்திய அரசின் தூதரகத் தபால் பையைக் கண்டெடுத்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை; அது இந்தியத் தூதரகத்திடமே போய்ச் சேர்ந்தது.