ரசிகர் ஓவியம் பகிர்வதற்கு முன்: வரைந்தவரைத் தேடி, கேட்டு, பெயர் போடுவது எப்படி?

எங்கள் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வாட்ஸ்அப் குழுவில், கதாபாத்திரங்களை ரசிகர் யாராவது வரைந்த ஒரு நல்ல படம் விழுந்தால் போதும், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நாலைந்து பேருக்கு அதுதான் டிபி. கீழே "கிரெடிட்ஸ் டு ஓனர்" என்று ஒரு வரி இருக்கும். யார் அந்த ஓனர் என்று கேட்டால் குழுவே அமைதியாகிவிடும். அட்மின் வேலை என் தலையில் விழுந்த பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் சண்டை போடுவதைவிட ஒரு முறையை வைத்துக்கொள்வது சுலபம் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படத்தைப் போட்டுக் கூகுளில் தேடும் அளவுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஃபைல் பெயரைப் பாருங்கள்

தேடுவதற்கு முன்னாலேயே பாதி நேரம் விடை கையில் இருக்கும். எட்டு அல்லது ஒன்பது இலக்க எண், பிறகு ஒரு அடிக்கோடு, "பி", பூஜ்ஜியம் என்று ஃபைல் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் பிக்சிவ் தளத்துப் படம். ஜப்பானிய ஓவியர்கள் 2007 முதல் படம் ஏற்றிவரும் இடம் அது. அந்த எண்ணைப் பிக்சிவ் முகவரியில் "ஆர்ட்வொர்க்ஸ்" என்ற பகுதிக்குப் பின்னால் ஒட்டினால் நேரே ஓவியர் போட்ட மூலப் பதிவு திறக்கும். ஓவியர்கள் படம் ஏற்றும் இன்னொரு தளமான டீவியன்ட்ஆர்ட்டில் இறக்கிய படமென்றால் தலைப்பும் ஓவியர் பெயரும் ஃபைல் பெயரிலேயே இருக்கும்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இதெல்லாம் போய்விடும். தேதியும் "டபிள்யூஏ" எண்ணும்தான் மிஞ்சும். அப்போது அனுப்பியவரிடமே "எங்கே எடுத்தீங்க?" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 2: தேடுங்கள்

அனிமே, மாங்கா (ஜப்பானியப் படக்கதை) படங்களுக்கு என் ஓட்டு சாஸ்நாவ் தளத்துக்குத்தான். எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று காட்டி, பிக்சிவ் இணைப்பையும் கையில் கொடுத்துவிடும். மற்ற படங்களுக்கு டின்ஐ. அதில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். அந்த ஒரு வசதிக்காகவே அது பிடிக்கும். கூகுள் லென்ஸ் எனக்குக் கடைசிப் புகலிடம். கதாபாத்திரம் போட்ட சட்டையை எங்கே வாங்கலாம் என்று சொல்வதில்தான் அதற்கு ஆர்வம். லென்ஸில் தேடினால் மேலே ஒட்டிய மேற்கோள், சட்டகம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் கொடுங்கள்.

பிறர் படங்களைச் சேர்த்து வைக்கும் பின்டரெஸ்ட் தளம் எந்தக் காலத்திலும் மூலம் ஆகாது. அங்கே போய் நின்றால் தேடல் முடியவில்லை என்று பொருள்.

படி 3: கிடைத்தவர் வரைந்தவர்தானா?

சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். தேடலில் முதலில் வந்து நிற்பது அநேகமாக மறுபதிவு போடும் கணக்கு. ஃபாலோயர்கள் ஏராளம், படங்கள் எல்லாம் அழகு, பெயரும் "ஆர்ட்" என்று முடியும். அந்தப் பெயரைப் போட்டால் எடுத்தவருக்கே புகழ் சேர்த்ததாக ஆகும்.

நான் பார்ப்பது இவை. முதலில் அந்தக் கணக்கின் மற்ற பதிவுகள். ஒரே ஆள் வரைந்திருந்தால் கண்ணும் கைவிரலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். பத்துப் படமும் பத்துப் பேர் வரைந்தது போல இருந்தால் அது சேகரிப்புக் கணக்கு. அடுத்து ஓரங்கள். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்றில் வலது கீழ் மூலையில் சின்னக் கையெழுத்து இருக்கும், மற்றதில் அதே மூலை ஒரு விரற்கடை வெட்டப்பட்டு, கதாபாத்திரத்தின் செருப்பு நுனி காணாமல் போயிருக்கும். முழுசாக இருப்பதுதான் மூலத்துக்குப் பக்கத்தில். பிறகு பதிவுத் தேதி, படத்தின் அளவு. கோட்டோவியம், பாதி வண்ணம் போட்ட நிலை என்று ஏதாவது அதே கணக்கில் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் ஆள் தெரியவில்லையா? பகிராதீர்கள். உங்கள் போனில் வைத்து ரசிக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

படி 4: கேளுங்கள்

பெயர் போட்டுவிட்டால் அனுமதி வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஜப்பானிய ஓவியர்கள் பலருடைய முகப்புக் குறிப்பில் ஆறு சீன எழுத்துகள் வரிசையாக இருக்கும். "முதான் தென்சாய் கின்ஷி" என்று படிப்பார்கள். கேட்காமல் மறுபதிவு செய்யக் கூடாது என்ற அறிவிப்பு அது. அதைப் பார்த்த பிறகு, பெயர் போட்டாலும் படத்தை இறக்கி ஏற்றக் கூடாது. அவருடைய பதிவின் இணைப்பைக் குழுவில் போடுங்கள், அல்லது எக்ஸ் தளத்திலேயே ரீபோஸ்ட் செய்யுங்கள். பார்வையும் விருப்பக்குறியும் அவர் கணக்கிலேயே சேரும்.

கேட்டு எழுதுவதென்றால் மூன்றே வரி: எந்தப் படம், எங்கே போடப் போகிறோம், பணம் சம்பந்தப்பட்டதா இல்லையா. மொழிபெயர்ப்புச் செயலி வழியாக அனுப்பினால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதற்கு "வேண்டாம்" என்றே அர்த்தம்.

படி 5: பெயர் போடுங்கள்

"ஓவியம்: இன்னார். மூலப் பதிவு: இணைப்பு. ஓவியரின் அனுமதியுடன்." இவ்வளவு போதும். முதல் கமென்ட்டிலோ முப்பது ஹேஷ்டேகுக்கு அடியிலோ ஒளித்து வைக்க வேண்டாம், படத்தோடு கண்ணில் படட்டும். வட்ட டிபிக்காக வெட்டும்போது கையெழுத்துதான் முதலில் பலியாகும் என்பதால் டிபி வைப்பவர்கள் ஓவியர் பெயரை "அபவுட்" வரியில் போட வேண்டும் என்பது எங்கள் குழு விதி. நிறம் மாற்றுவது, ஃபில்டர் போடுவதற்கெல்லாம் தனியாகக் கேட்க வேண்டும். இது வெறும் மரியாதை மட்டும் இல்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், படைத்தவர் உரிமையை விற்ற பிறகும் "இது என் படைப்பு" என்று கோரலாம் என்கிறது. தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது.

பின்சேர்க்கை 1: பொன்னியின் செல்வன் குழுக்களில் ஓடும் பழைய படங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 1950இல் கல்கியில் தொடர் தொடங்கியபோது வரைந்தவர் மணியம். பின்னாளில் அது மறுபடி வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வரைந்தார்கள். மணியத்தின் படங்களுக்குச் சிலர் "மணியம் செல்வன்" என்று போட்டுவிடுகிறார்கள். அவர் மணியத்தின் மகன், தனி ஓவியர். ஆகவே வந்தியத்தேவன் எந்தப் பதிப்பில் குதிரை ஏறுகிறான் என்று பார்த்துவிட்டு, படத்தில் இருக்கும் கையெழுத்தைப் படித்துப் பெயர் போடுங்கள். "பழசுதானே" என்பதும் செல்லாது. நம் சட்டப்படி ஓவியர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும்.

பின்சேர்க்கை 2: ஓவியர் பிறகு "எடுத்துவிடுங்கள்" என்றால்? காரணம் கேட்காமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் உறுப்பினர் போட்ட படத்தையும் அட்மின் எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும். படத்தை அழுத்திப் பிடித்தால் அந்த வாய்ப்பு வரும். ஏற்கெனவே போனில் இறங்கிய பிரதிகள் அதற்குப் பிறகும் இருக்கலாம், அதனால் அழித்த கையோடு குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.