யாழ்ப்பாணத்துக்கு ஒரு பகல் முழுவதும்

விடுமுறைக்கு ஊர் போகும் பலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு குளிரூட்டிய வான் வண்டியில் ஏறி, இரவோடு இரவாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். முதல்முறை நானும் பிள்ளைகளை அப்படித்தான் கூட்டிச் சென்றேன். குடாநாட்டின் வாசலான ஆனையிறவில் எழுப்பியும் அவர்கள் கண் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் இருட்டைத் தவிர வேறெதுவும் தெரிந்திராது. மூன்று கிழமை நிற்கப் போகிறவர்கள் வழிக்கென்று ஒரு பகலை ஒதுக்கினால் நட்டமில்லை.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம், 1990இல் போரினால் நின்று, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் என்பதால் பகலின் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே கழியும். முதலாம் வகுப்பில் குளிர் உண்டு, ஆனால் கண்ணாடி திறக்காது. என் தெரிவு எப்போதும் இரண்டாம் வகுப்புத்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பாடசாலை விடுமுறையிலும் ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும் என்பதால், பதிவு திறந்தவுடனேயே எடுத்துக்கொண்டு, கடவுச்சீட்டைக் கைப்பையில் வைத்திருங்கள். காலைப் புகையிரதம் வடக்கு நோக்கி ஓடுகையில் வெயில் வலப்பக்கம் விழுவதால், இடப்பக்க யன்னலைக் கேட்பது நல்லது.

அனுராதபுரம் வரை தூங்குவதென்றால் தூங்கலாம். வவுனியா தாண்டியதும் விழித்திருங்கள். மாங்குளத்துக் காடும் கிளிநொச்சியின் வயல்களும் கழிந்து, பரந்தனுக்கு அப்பால் தரை திடீரெனத் தட்டையாகி, இருபுறமும் நீரேரி விரியும். உப்புக் காற்று யன்னல் வழியே முகத்தில் ஒட்டும். பளையில் தென்னைகள், பிறகு பனைகள். இதற்கிடையில் கூடையோடு வருபவரிடம் இறால் வடை வாங்கினால், அதைச் சுற்றித் தருவது பெரும்பாலும் ஏதோவொரு பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பித் தாளாகவே இருக்கும். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் சரி போட்ட விடைகளைத்தான் என் மகள் வடையைவிட ஆர்வமாகப் பார்த்தாள்.

தமிழ்நாட்டுக்கும் போக நினைப்பவர்களுக்குக் கடல்வழி இருக்கிறது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில் என்று நம் பாட்டன்மார் போய்வந்த வழியை 1964 டிசம்பர்ப் புயல் அறுத்தது. இப்போதுள்ளது காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் சேவை. 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டது. கடக்க நாலு மணித்தியாலமளவில் எடுக்கும். வடகீழ்ப் பருவமழையில் கடல் கொந்தளிப்பதால் கார்த்திகை, மார்கழியை நம்பித் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், தங்கள் இந்திய விசாவை நாகப்பட்டினத் துறைமுகத்தில் ஏற்பார்களா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே உறுதிசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைப் பார்க்காமல் பெட்டி கட்டிவிட்டு, கடைசியில் விமானத்தில்தான் போனார்.

அத்தனை தூரம் வேண்டாமென்றால், தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போங்கள். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸிலேயே இறங்குதுறையை அடையலாம். நயினாதீவு கிட்ட, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமளவு கடல் என்பதால், குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் பார்க்க முழுநாள் வேண்டும். அங்கே இறங்கியவுடன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்டுவிட்டுத்தான் துறையை விட்டு நகருங்கள்.