தெளிப்பான் கழுவிய நீருக்கு ஒரு வைக்கோல் படுகை

ஓசூர், சூளகிரிப் பக்கம் ரோஜாவுக்கு மருந்து அடித்து முடித்தபின், தெளிப்பானைக் கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வரப்போரத்திலோ கொட்டிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோட்டம் முழுவதும் பரவும் மருந்தைவிட, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சிந்தும் இந்த நீர்தான் நிலத்தடிக்கு எளிதில் இறங்குகிறது. இதற்கென்று சுவீடனில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய உயிர்ப்படுகை (biobed) முறையை, அதாவது வைக்கோலும் மண்ணும் நிரப்பிய குழியில் நுண்ணுயிர்களைக் கொண்டே மருந்தை உடைக்கும் முறையை, நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம்.

படுகையில் வேலை செய்வது வைக்கோலில் வளரும் பூஞ்சை. வைக்கோலுக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதற்காக வெள்ளை அழுகல் பூஞ்சைகள் சுரக்கும் லாக்கேஸ், பெராக்ஸிடேஸ் ஆகிய நொதிகள், லிக்னினைப் போன்றே வளைய அமைப்புள்ள பல பூச்சிக்கொல்லி மூலக்கூறுகளையும் உடைத்துவிடுகின்றன. உடைந்த துண்டுகளை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் தின்கின்றன.

நறுக்கிய வைக்கோல் இரண்டு கூடை, மேல்மண் ஒரு கூடை, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு கூடை என்ற அளவில் கலந்து, நனைத்து, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் குவித்து வையுங்கள். மேல்மண்ணை மருந்து அடித்துவந்த பாத்தியிலிருந்தே எடுங்கள். அந்த மருந்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் அதில் இருக்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே கசிய வேண்டும். ஒழுகினால் காற்றுப் புகாது, பூஞ்சையும் வளராது. எருக்குழி நினைவில் சாணத்தையோ யூரியாவையோ சேர்த்துவிடாதீர்கள், தழைச்சத்து மிகுந்தால் நொதிச் சுரப்பு குறையும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிக்குச் செலவழிப்பதைவிட, சிப்பிக் காளான் அறுத்து முடித்த பழைய பைகளை உதிர்த்துக் கலப்பது மேல் என்பது என் எண்ணம்; சிப்பிக் காளானும் வெள்ளை அழுகல் பூஞ்சைதான்.

கிணற்றை விட்டுத் தள்ளி 60 செ.மீ. ஆழக் குழி எடுத்து, அடியில் 10 செ.மீ. களிமண்ணை மிதித்து இறுக்கி, மேலே கலவையை நிரப்பி, அருகம்புல் பதித்து, மழை விழாதபடி கூரை போடுங்கள். கையுறை அணிந்து, கழுவுநீரைச் சிறிதுசிறிதாகப் பரவலாக ஊற்ற வேண்டும். புல் ஓரிடத்தில் மட்டும் கருகினால் அங்கேயே கொட்டுகிறீர்கள் என்று பொருள். கலவை மக்கி இறங்கும்போது ஆண்டுதோறும் நிரப்பிக்கொள்ளலாம்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையிலுள்ள தாமிரம் தனிமம் என்பதால் எந்த நொதிக்கும் உடையாது, படுகையிலேயே சேரும். சில ஆண்டுகள் கழித்துக் கலவையை மாற்றும்போது, எடுத்ததை ஓராண்டு மூடி மக்கவிட்ட பிறகே நிலத்தில் இடுங்கள். தாமிர மருந்து கழுவிய நீர் விழுந்த கலவை காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.