குடித்துவிட்டு கார் ஓட்டிய வழக்கும் விமானி வேலையும்: எங்கே தவறுகிறார்கள்?

அமெரிக்காவில் குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்டால் விமானி வேலை அத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு வழக்கு, அதுவும் பழையது என்றால் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. அதை எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. முழுத் தொழிலையும் இழக்க அது ஒன்றே போதும்.

முதல் தவறு, கோர்ட் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதி 61.15 ஒரு 60 நாள் கெடு வைக்கிறது. தண்டனை கிடைத்தால் மட்டும் அல்ல, மது காரணமாக கார் லைசென்ஸ் முடக்கப்பட்டாலும் அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். பல மாநிலங்களில் வாகனத் துறை கோர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் லைசென்ஸை முடக்கிவிடும். அப்போதே முதல் கெடு ஓட ஆரம்பித்துவிடுகிறது. பிறகு தண்டனையும் வந்தால் அதற்கு இரண்டாவது கடிதம், இன்னொரு 60 நாள். இந்த இரண்டாவது கடிதத்தில், முன்பே தெரிவித்த அதே சம்பவம்தான் இது என்று தெளிவாக எழுத வேண்டும். வெவ்வேறு சம்பவங்களில் மூன்று ஆண்டுக்குள் இரண்டு நடவடிக்கை வந்தால் விமானி லைசென்ஸையே ரத்து செய்ய விதி இடம் தருகிறது. அந்த ஒரு வரியை எழுத மறக்கவே கூடாது.

ஊதிக் காட்ட மறுத்தால் ஆதாரம் இருக்காது, தப்பித்துவிடலாம் என்ற யோசனையும் விமானிக்கு எதிராகவே திரும்பும். மறுத்ததற்காகவே கார் லைசென்ஸ் முடக்கப்படும். கோர்ட்டில் விடுதலை ஆனாலும் அந்த முடக்கம் பதிவில் நிற்கும். விமானிகளுக்கான மெடிக்கல் பரிசோதனையில், முன்பு போலீஸிடம் ஊதிக் காட்ட மறுத்ததும் சரி, ரத்தத்தில் 0.15 சதவீதமோ அதற்கு மேலோ மது இருந்ததும் சரி, ஒரே மாதிரிதான் பார்க்கப்படும். இரண்டிலும் டாக்டர் தானாகச் சான்றிதழ் தர முடியாது, எஃப்ஏஏவின் முடிவுக்கு அனுப்பியாக வேண்டும்.

அடுத்தது மெடிக்கல் படிவம். டாக்டரிடம் சொல்லியாயிற்று, போதும் என்று இருந்துவிடக் கூடாது. 60 நாள் கடிதம் போவது எஃப்ஏஏவின் பாதுகாப்புப் பிரிவுக்கு. மெடிக்கல் படிவம் வேறு பிரிவுக்கு. ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குக் கணக்காகாது. படிவத்தின் 18-வது கேள்வி, வாழ்நாளில் எப்போதாவது இப்படிக் கைது ஆனதுண்டா என்றே கேட்கிறது. வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கலாம், சாதாரணப் போக்குவரத்துக் குற்றமாகக் குறைக்கப்பட்டிருக்கலாம், கோர்ட் பதிவையே அழித்திருக்கலாம். எதுவானாலும் பதில் 'ஆம்' தான். போன முறை சொன்னதை இந்த முறையும் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேட எஃப்ஏஏவுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள்! அதனால் மறைத்தது வெளியே வர வழி இருக்கிறது. பொய் சொன்னது தெரிந்தால் மெடிக்கல் சான்றிதழ் மட்டும் போகாது, எல்லா விமானி லைசென்ஸும் ரத்தாகலாம். கிரிமினல் வழக்கும் வரலாம்.

ஏர்லைன் விண்ணப்பத்தில் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'தண்டனை உண்டா' என்பதும் 'கைது உண்டா' என்பதும் வேறு வேறு. வேலைக்கு எடுக்கும் ஏர்லைனும் அதே ஓட்டுநர் பதிவேட்டையும் எஃப்ஏஏவின் விமானிப் பதிவேட்டையும் பார்க்கும். இன்டர்வியூவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று காட்டுவதே நல்லது. போலீஸ் அறிக்கை, கோர்ட் தீர்ப்பு, ஓட்டுநர் பதிவு மூன்றின் நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கனடா பலருக்கு நினைவிலேயே இருக்காது. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்துவிட்டு கார் ஓட்டுவது 10 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். அதற்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த ஒரே ஒரு வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலும் கனடாவுக்குள் நுழைய மறுக்கப்படலாம். வருடம் ஓடினால் தானாகச் சரியாகிவிடாது. டொராண்டோவுக்கோ வான்கூவருக்கோ போகவே முடியாத விமானியை ஏர்லைன் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். நுழைவுக்கான சிறப்பு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளும் விமானப் பயிற்சிக்கு அமெரிக்கா போகிறார்கள். எஃப்ஏஏ லைசென்ஸ் கையில் இருந்தால் 61.15 அவர்களுக்கும் பொருந்தும். அதோடு விசா பிரச்சினையும் உண்டு: தண்டனை வராமல் வெறும் கைது ஆனாலே அமெரிக்கத் தூதரகம் மாணவர் விசாவை ரத்து செய்யலாம்.

குடிப்பழக்கமே சிக்கலாக இருந்தால் ஹிம்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. எஃப்ஏஏ, ஏர்லைன்கள், விமானிகள் சங்கம் மூன்றும் சேர்ந்து நடத்துவது. சிகிச்சை, தொடர் கண்காணிப்பு, அப்புறம் மறுபடி காக்பிட். 1990-ல் போதையோடு விமானமே ஓட்டிச் சிறைக்குப் போன நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் கேப்டன் லைல் ப்ரௌஸ் குடியை விட்டு, லைசென்ஸ்களை முதலிலிருந்து வாங்கி, அதே ஏர்லைனில் போயிங் 747 விமானக் கேப்டனாக ஓய்வு பெற்றார்.