சப்நெட் கணக்கைக் கையால் போடுவது எப்படி?

கணினி வலையமைப்புப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் சப்நெட் கணக்கு, அதாவது ஒரு வலையைச் சிறு வலைகளாகப் பிரிக்கும் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது மூன்றாம் அலகில் வருகிறது. பார்ட் பி-யில் கேட்டால் 13 மதிப்பெண். நிறைய பேர் மாஸ்க் (முகவரியில் வலைப் பகுதி எதுவரை என்று காட்டும் எண்) அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கேள்வியில் எண் கொஞ்சம் மாறினால் திணறிப் போகிறார்கள். அந்த அட்டவணை தேவையே இல்லை. 2-ஐ இரட்டித்துக்கொண்டே போகத் தெரிந்தால் போதும். ஒரு ரஃப் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கோடு எங்கே விழுகிறது?

நம் லேண்ட்லைன் எண்களை நினைத்துப் பாருங்கள். சென்னையின் எஸ்டிடி எண் 044. அதற்குப் பின் 8 இலக்க எண். திருநெல்வேலிக்கு 0462; அதற்குப் பின் 7 இலக்கம். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டுமே 10 இலக்கம்தான். ஊர்ப் பகுதி நீண்டால் வீட்டுப் பகுதி சுருங்குகிறது. பெரிய ஊருக்கு நிறைய எண் வேண்டும் என்பதால் அங்கே ஊர்ப் பகுதி சின்னது.

ஐபி முகவரியும் இதே மாதிரிதான். மொத்தம் 32 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1). புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களில் ஒவ்வொன்றும் 8 பிட். முன்பகுதி வலையைக் குறிக்கும். பின்பகுதி அந்த வலைக்குள் இருக்கும் கணினியைக் குறிக்கும். 192.168.10.0/24 என்றால் 24 பிட் வலைக்கு, மீதி 8 பிட் கணினிகளுக்கு. சப்நெட் போடுவது என்றால் இந்த இரண்டு பகுதிக்கும் நடுவே விழும் கோட்டை வலப்பக்கம் நகர்த்துவது. அவ்வளவுதான் விஷயம்.

1981-இல் வந்த ஏ, பி, சி வகுப்பு முறையில் கோடு 8, 16, 24 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே விழும். 300 கணினி உள்ள நிறுவனத்துக்கு சி வகுப்பின் 254 முகவரி போதாது. பி வகுப்பை எடுத்தால் 65,534 கிடைக்கும், கிட்டத்தட்ட எல்லாமே வீண். 1993-இல் வந்த சைடர் (CIDR) முறைதான் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட அனுமதித்தது. நாம் எழுதும் ஸ்லாஷ் குறி அதிலிருந்து வந்தது.

படி 1: தேவையைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள்

ஒரு துறைக்கு 192.168.10.0/24 கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் லேபில் 60 கணினி, இரண்டாவது லேபில் 28, ஆசிரியர் அறையில் 12. இரண்டு ரவுட்டர்களை (வலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை) இணைக்கும் கம்பிக்கு 2 முகவரி. இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று படி 3-இல் புரியும்.

படி 2: ஒவ்வொரு வலைக்கும் எத்தனை பிட்?

2, 4, 8, 16, 32, 64, 128 என்று எழுதி, தேவைக்குப் போதுமான முதல் எண்ணைப் பிடியுங்கள். ஆனால் அதில் 2-ஐக் கழிக்க வேண்டும். கணினிப் பகுதி முழுக்க 0 ஆக இருக்கும் முகவரி வலையின் பெயர். முழுக்க 1 ஆக இருப்பது பிராட்காஸ்ட், அதாவது வலையில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி. இரண்டையும் எந்தக் கணினிக்கும் தரக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ரவுட்டரின் அந்தப் பக்க முனைக்கும், அதாவது கேட்வேக்கும், ஒரு முகவரி வேண்டும். மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். லேபில் சரியாக 30 கணினி இருந்தால், 32-இல் 2 போக 30, கச்சிதம் என்று தோன்றும். கேட்வேயைச் சேர்த்தால் 31 ஆகிவிடும். 64-க்குத்தான் போக வேண்டும். கேள்வியில் கேட்வேயைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் "கேட்வேக்கு ஒன்று சேர்த்துக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நம் கணக்குக்கு வருவோம். 60 + 1 = 61; 64-இல் 2 போனால் 62, போதும். 64 என்பது 2-இன் அடுக்கு 6. ஆகவே கணினிக்கு 6 பிட், வலைக்கு 32 − 6 = 26. இதேபோல 29-க்கு 32, அதாவது /27. 13-க்கு 16, அதாவது /28. கடைசி இணைப்புக்கு 4, அதாவது /30.

இரண்டே முனை உள்ள இணைப்புக்கு /31 கூடப் போடலாம், அது 2000-இல் முறையாக ஏற்கப்பட்டது. தேர்வில் குறிப்பாகக் கேட்காதவரை /30 போடுவதே பாதுகாப்பு.

படி 3: அடுக்கிக்கொண்டே போங்கள்

64, 32, 16, 4 ஆகியவை நம் கட்டங்களின் அளவு. 0-இல் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்.

முதல் லேப்: 192.168.10.0/26. வலை 0, பிராட்காஸ்ட் 63, நடுவில் 1 முதல் 62 வரை கணினிகளுக்கு.
இரண்டாவது லேப்: 192.168.10.64/27. பிராட்காஸ்ட் 95, கணினிகளுக்கு 65 முதல் 94 வரை.
ஆசிரியர் அறை: 192.168.10.96/28. பிராட்காஸ்ட் 111, கணினிகளுக்கு 97 முதல் 110 வரை.
ரவுட்டர் இணைப்பு: 192.168.10.112/30. பிராட்காஸ்ட் 115, முனைகளுக்கு 113, 114.

116 முதல் 255 வரை நாளைக்கு வரப்போகும் லேபுக்காக அப்படியே கிடக்கிறது.

ஒரு கட்டம் எப்போதும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். சிறியதை முதலில் வைத்திருந்தால் 0 முதல் 3 வரை போயிருக்கும். அடுத்து /28-ஐ 4-இல் தொடங்க முடியாது, 16-க்குத் தாண்ட வேண்டும். நடுவில் ஓட்டை விழும். பெரியதிலிருந்து வந்தால் இந்தச் சிக்கலே வராது.

மாஸ்க் எழுத வேண்டுமா? 256-இலிருந்து கட்ட அளவைக் கழியுங்கள். 256 − 64 = 192, ஆகவே 255.255.255.192. மற்றவற்றுக்குக் கடைசி எண் 224, 240, 252.

படி 4: தலைகீழாகக் கேட்டால்?

"172.16.45.200/20 எந்த வலையைச் சேர்ந்தது?" இப்படிக் கேட்டதும் பலர் 200-ஐப் பார்க்கிறார்கள். கோடு அங்கே இல்லை. 16 பிட் முதல் இரண்டு எண்களில் முடிந்துவிட்டது. மீதி 4 பிட் மூன்றாவது எண்ணில். ஆகவே நாம் பார்க்க வேண்டியது 45-ஐ.

45-ஐ பைனரியில் எழுதினால் 00101101. முதல் 4 பிட்டை வைத்துக்கொண்டு மற்றதை 0 ஆக்கினால் 00100000, அதாவது 32. வலை 172.16.32.0. அந்த எண்ணில் கணினிக்கு 4 பிட் மிஞ்சுவதால் கட்ட அளவு 16. அடுத்த வலை 48-இல் தொடங்கும். அதற்கு முந்தைய முகவரி 172.16.47.255 பிராட்காஸ்ட். கணினிகளுக்கு 4096 − 2 = 4094 முகவரி.

படி 5: கணினியில் சரிபாருங்கள்

சிஸ்கோ பாக்கெட் ட்ரேசர் என்ற வலையமைப்புப் பயிற்சி மென்பொருளில் மேலே உள்ள இரண்டு லேபுகளையும் ஒரு ரவுட்டருடன் இணைத்து, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள்: இரண்டாவது லேபில் ஒரு கணினிக்கு மட்டும் மாஸ்க்கை 255.255.255.0 என்று கொடுங்கள். அதன் கேட்வேக்கு பிங் போகும். பக்கத்துக் கணினிக்கும் போகும். ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (வேறு வலையில் உள்ள கணினிக்காக ரவுட்டரே பதில் சொல்லும் வசதி; சிஸ்கோவில் இயல்பாகவே இயங்கும்) அணைக்கப்பட்டிருந்தால், முதல் லேபின் 192.168.10.10-க்கு மட்டும் போகாது.

தவறான மாஸ்க்கை வைத்துப் பார்க்கும் அந்தக் கணினிக்கு 10-ஆம் முகவரியும் தன் வலையிலேயே இருப்பதாகத் தெரிகிறது. அதனால் கேட்வேயிடம் கொடுக்காமல், தன் லேபுக்குள்ளேயே "10 யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. "இன்டர்நெட் வருது, ஆனா அந்த லேப் பிரிண்டர் மட்டும் வரலை" என்று யாராவது சொன்னால், முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

சரி, இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். 192.168.20.0/24 கொடுத்திருக்கிறார்கள், தேவை 100, 50, 20 கணினிகள், ஒரு ரவுட்டர் இணைப்பு. கேட்வேயை மறக்காதீர்கள். கடைசி வலையின் பிராட்காஸ்ட் 192.168.20.227 என்று வந்தால் கணக்கு சரி.