டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்: கட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு

மழைக்காலம் வந்தால் மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் தெரிந்தவர் யாராவது ஒருவர் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது, அதை முதலில் பார்ப்பது ராத்திரி கூட இருக்கிற நீங்கள்தான், ஏனென்றால் டாக்டர் ரவுண்ட்ஸில் நிற்பது சில நிமிஷம்.

முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குங்கள். காய்ச்சல் ஆரம்பித்த தேதியை மேலே எழுதுங்கள், அட்மிஷன் தேதியை அல்ல. பொதுவாக 3-ல் இருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், அப்போதுதான் ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. என் தம்பிக்கு 5-ஆம் நாள் உடம்பு குளிர்ந்ததும் "வீட்டுக்குப் போகலாம்ணா" என்றான், நானும் பையைக் கட்டினேன். சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான், கேஸ் என்று நினைத்து சோடா வாங்கப் போனேன். பக்கத்துக் கட்டில் அம்மா அதட்டிய பிறகுதான் சிஸ்டரிடம் ஓடினேன். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அதனால் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் சில்லிட்டுப் போவது, ஈறில் ரத்தம், கருப்பாக மலம், தூங்கித் தூங்கி விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே சொல்லுங்கள். பெண்கள் அதிக உதிரப்போக்கைக் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். சிறுநீர் எப்போது போனார் என்று நேரம் போட்டு எழுதுங்கள், 6 மணி நேரம் போகவில்லை என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லாரும் பிளேட்லெட்டை மட்டும் கேட்கிறோம். அதே ரிப்போர்ட்டில் ஹெமடோகிரிட் என்று ஒன்று இருக்கும், பிசிவி என்றும் போடுவார்கள், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. பிளேட்லெட் இறங்கும்போது இது ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம், அதைப் பற்றியும் கேளுங்கள். வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு எதையும் வெளியே வாங்கிக் கொடுக்காதீர்கள், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். முன்பு ஒருமுறை டெங்கு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வைரஸில் 4 வகை இருப்பதால் இரண்டாவது முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அபூர்வமானவை. பேச்சு குழறுவது, ஆளைத் தெரியாமல் பேசுவது, வலிப்பு என்றால் மூளையையோ ஈரலையோ பாதித்திருக்கலாம், "காய்ச்சல் பிதற்றல்" என்று விட்டுவிடாதீர்கள். தேறி வரும்போது நாடி மெதுவாவது சாதாரணம்தான், ஆனால் அதோடு நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் இதயத் தசையில் வீக்கமா என்று பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்று, கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும் நேரத்திலும் டிரிப்ஸ் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை என்று சொன்னால் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் ஜாக்கிரதை. நாம் "மயக்கமா இருக்கு" என்போம், தலை சுற்றினாலும் அதே சொல், நினைவு தப்பினாலும் அதே சொல். இந்தியில் தலைசுற்றலுக்கு "சக்கர்", நினைவு இல்லை என்றால் "பேஹோஷ்". மாற்றிச் சொன்னால் டூட்டி டாக்டர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். தெரியவில்லையா, மலையாளி சிஸ்டர் யாராவது இருப்பார், அவரிடம் தமிழிலேயே நிதானமாகச் சொல்லுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தவர் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். கண் மஞ்சள், சிறுநீர் குறைவு, இருமலில் ரத்தம் என்றால் அது லெப்டோவாக, அதாவது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊர் அதைப் பார்த்தது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த சில வாரத்தில் பாதத்தில் மதமதப்பு ஆரம்பித்து, படி ஏற முடியாமல் பலவீனம் மேலே ஏறினால் அது ஜிபிஎஸ் (கில்லன்-பாரே என்ற நரம்பு நோய்) ஆக இருக்கலாம். மூச்சுத் தசை வரை போகக்கூடியது என்பதால் ஓபிடி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கேஷுவால்டிக்குக் கூட்டிப் போங்கள், நோட்டும் கையில் இருக்கட்டும்.