வலிப்பு மாத்திரையும் கணைய அழற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் மேல்வயிற்று வலியோடு வந்தால், 'கேஸ்' என்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் ஊசி போட்டு அனுப்பிவிடுவது புதிதாக டியூட்டிக்கு வரும் ஒவ்வொரு அணியிலும் நடக்கிறது. கணைய அழற்சி இந்த மாத்திரையின் அபூர்வமான பக்கவிளைவுதான். ஆனாலும் இதற்காகவே அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு அந்த மருந்துக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

"மூணு வருஷமா சாப்பிடுற மாத்திரைதானே!"

உயிருக்கே உலை வைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கையில் ஆத்திரம்தான் வருகிறது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலும் கணைய அழற்சி வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். டோஸ் கூட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தத்தில் மருந்தளவு சரியாக இருப்பதும் ஆறுதல் அல்ல.

குழந்தைகளிடம் இன்னும் ஏமாந்துபோவோம். முதுகுக்குப் பரவும் வலியைச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. இரவு முழுக்க வாந்தி, சோறு வேண்டாம் என்கிறது, சுருண்டு படுக்கிறது. உடனே 'ஃபுட் பாய்சன்' என்று எழுதுகிறார்கள். காலையில் நாடித்துடிப்பு எகிறி, சிறுநீர் குறைந்த பிறகுதான் மருந்துச் சீட்டைப் புரட்டுகிறார்கள். ரத்தக்கசிவோடு வரும் வகை சில மணி நேரத்தில் முற்றிவிடும். வாந்தி வந்த அன்றே ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பாருங்கள். ஆய்வகம் தரும் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ மேலோ இருந்து, வலியும் இருந்தால் கணைய அழற்சிதான்.

அமைலேஸ் மட்டும் பார்ப்பது

கணையத்தின் இன்னொரு நொதியான அமைலேஸ் சில நாளில் இறங்கிவிடும். லைபேஸ் கூடுதல் நாள் நிற்கும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அமைலேஸ் லேசாக ஏறியிருந்தால், அதற்காக மட்டும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஸ்கேன் நார்மல் என்று விட்டுவிடுவது

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல்வாயு கணையத்தை மறைக்கலாம்.

வீட்டிலேயே மாத்திரையை நிறுத்துவது

கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வால்ப்ரோயேட்டை நிறுத்தும் கையோடு லெவெட்டிராசெட்டம் போன்ற வேறொரு வலிப்பு மருந்தை ரத்தநாளம் வழியே தொடங்குவார்கள்.

குணமானதும் மறுபடி கொடுப்பது

கணைய அழற்சி திரும்ப வரலாம். பெயர் மாறினால் மருந்து மாறிவிடாது: சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ரோயிக் அமிலம், டைவால்ப்ரோயெக்ஸ் மூன்றும் உடலுக்குள் ஒன்றே. ஒற்றைத் தலைவலிக்கும் பைபோலார் மனநோய்க்கும் இதே மருந்தைத்தான் எழுதுகிறார்கள். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று பெயர்களையும் எழுதி, "இனி கொடுக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் குறியுங்கள்.